சீனியை விட்டேன், எண்ணெயை விடவில்லை

ஹற்றனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். 1977 கலவரத்தோடு அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிப் போனார். கைக்குழந்தையாயிருந்த தங்கச்சியை மட்டும் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனோம். 2009இல் எல்லாம் இழந்து முகாமுக்கு வந்தேன். நிவாரணமாகக் கிடைத்த அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெயில் உயிர் பிழைத்தேன். பிறகு தங்கச்சியின் லயத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். சில வருடங்களில் சீனி வருத்தமும் வந்தது.

வெறும் வயிற்றில் சோதித்தபோது 168. அன்றோடு தேத்தண்ணியில் சீனி போடுவதை நிறுத்தினேன். தந்த குளிசையையும் ஒழுங்காகப் போட்டேன். மூன்று மாதம் கழித்தும் கணக்கு பெரிதாக இறங்கவில்லை. கிளினிக்கில் மிஸ்ஸி ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, வீட்டில ஒரு மாசத்துக்கு எத்தனை போத்தல் எண்ணெய் முடியும்?"

"ஆறு போத்தல் மிஸ்ஸி."

"எத்தனை பேர்?"

"நாலு பேர்."

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏழெட்டுத் தேக்கரண்டி. கிட்டத்தட்ட 300 கலோரி, அதாவது ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்குச் சமம். சம்பலுக்குத் திருவும் தேங்காயும் பாலும் அதற்கு மேலே! மாச்சத்து ஒரு கிராமில் 4 கலோரி என்றால் கொழுப்பில் 9. வயிறு நிறைந்தது தெரியாமலே உள்ளே போய்விடும்.

எண்ணெய்க்கும் இரத்தத்துச் சீனிக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. மிஸ்ஸி சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். சதையி சுரக்கும் இன்சுலின்தான் தசைகளின் கதவைத் திறந்து குளுக்கோசை உள்ளே விடுகிறது. செலவழிப்பதை விட அதிகமாகச் சாப்பிட்டால் மிச்சம் தோலுக்கடியில் கொழுப்பாகச் சேரும். அங்கே இடம் போதாவிட்டால் ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் போய்த் தங்கும். அப்போது இன்சுலின் தட்டினாலும் கதவு சரியாகத் திறப்பதில்லை. கொழுத்த ஈரல் இன்சுலின் சொல்லைக் கேட்காமல் இராப்பகலாகச் சீனியை விட்டுக்கொண்டிருக்கும். இரவு எதுவும் சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் கணக்கு ஏறியிருப்பது இதனால்தான்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. 39 இளம் வயதினருக்கு ஏழு வாரம் வழக்கமான சாப்பாட்டோடு கேக்கும் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாம் எண்ணெயில் செய்தது, மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு பகுதியினரும் ஒரே அளவு எடை கூடினார்கள். ஆனால் பாம் எண்ணெய்க்காரரின் ஈரலில்தான் கொழுப்பு மிகவும் ஏறியது. பாம் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி நிரம்பிய கொழுப்பு. நமது தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு. அதற்காகத் தேங்காயை அடியோடு விடச் சொல்ல எனக்கு வாய் வராது. அளவைத்தான் சொல்கிறேன்.

"நான் ஒல்லிதானே அக்கா, எனக்கு ஏன் வரப்போகுது?" என்பாள் தங்கச்சி. மலையேறிக் கொழுந்து பறிப்பவள். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று சோதிக்கவே வரமாட்டாள். ஒல்லியானவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கலாம். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டுமாம். தங்கச்சிக்கு 86.

இன்னொன்றும் உண்டு. அம்மா அவளைச் சுமந்தது 1974இல். தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்த காலம் அது. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது வயிற்றிலிருந்த பிள்ளைகளை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, சீனியைத் தாங்கும் சக்தி குறைந்திருந்தது. கருவில் பட்டினி கிடந்த உடம்பு பிறகு கிடைக்கும் மிச்சத்தைத் தாங்காது போலும். வன்னியில் வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி கிடந்த சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளையும் கவனியுங்கள்.

2005-06இல் நாடு தழுவிய ஆய்வில் இருபது வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. யுத்தத்தால் வடக்கையும் கிழக்கையும் அதில் சேர்க்கவில்லை. நம்மை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தமே தவிர, நமக்கு வராது என்றல்ல.

இப்போது போத்தலிலிருந்து ஊற்றுவதில்லை, கரண்டியால்தான் அளக்கிறேன். ரொட்டியை எண்ணெயில்லாமல் கல்லில் சுடுகிறேன். இரண்டு தின்ற இடத்தில் ஒன்று, கூடவே போஞ்சி, கரட், வல்லாரை. தேங்காய்ச் சம்பல் பாதியாகி, அந்த இடத்துக்கு அவித்த கடலையோ கௌபியோ வந்திருக்கிறது. பொரித்த எண்ணெயை எடுத்து வைத்துத் திரும்பப் பொரிப்பதில்லை. கடை வடை பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒருநாள் மட்டும். (முதல் மாதம் வீட்டில் ஒரே சண்டை.) குளிசையை நான் நிறுத்தவில்லை. நீங்களும் டொக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். குளிசையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டை விடவும் கூடாது. சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

மாதம் மூன்று போத்தல் போதுமாகிவிட்டது. நாலு மாதத்தில் என் கணக்கு 131. அதைப் பார்த்தபிறகுதான் தங்கச்சி மனம் மாறி, ஒரு நாள் பேரை விட்டுவிட்டு என்னோடு கிளினிக் வந்தாள். அவளுக்கு 118. நீரிழிவு இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்றார் மிஸ்ஸி. வரும் வழியில் கடையில் எண்ணெய்ப் போத்தல் வாங்கப் போனவள், "அடுத்த கிழமை பார்ப்போம் அக்கா" என்று திரும்பி வந்துவிட்டாள்.