மிகுபுனைவுக் காணொளி விளையாட்டுத் தொடர்களின் கதைப்போக்கும் கொல்லிமலைக் கதைமரபும்: ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

மிகுபுனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டுகள் பல பாகங்களாக வெளிவருகின்றன. அப்பாகங்களின் கதைகள் எப்போதும் ஒரே நேர்கோட்டில் செல்வதில்லை. ஒரே பெயரின்கீழ் வெவ்வேறு கதைகள் அமைதல், முன்கதை பின்னர் வெளிவருதல், முரண்பட்ட முடிவுகள் ஒருங்கே ஏற்கப்படுதல் என்னும் மூன்று அமைப்புகளை அவற்றில் காணலாம். கொல்லிமலை பற்றிய சங்கப் பாடல்களும் வளப்பூர் நாடு உள்ளிட்ட மலைநாடுகளில் வழங்கும் கதைகளும் இம்மூன்று அமைப்புகளையும் பெற்றுள்ளன. அவற்றை ஒரே தொடர்கதையாகக் கோத்துக் கூறும் போக்கு மரபின் இயல்பை மறைத்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிப்பாவை, வல்வில் ஓரி, வளப்பூர் நாடு, அறப்பளீசுவரர், மலையாளி மக்கள், காணொளி விளையாட்டு, கதைப்போக்கு, முன்கதை.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. மலைமேல் உள்ள ஊர்கள் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகளாக வழங்கப்படுகின்றன. இவற்றுள் வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் உள்ளன. சங்கப் புலவர் பலர் இம்மலையைப் பாடியுள்ளனர். பாவை, ஓரி, சேரன், பலா, அருவி ஆகியவை அப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

இச்செய்திகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் ‘கொல்லிமலையின் கதை’ என்று ஒரே கதையாகச் சொல்லும் வழக்கம் கட்டுரைகளிலும் சுற்றுலா நூல்களிலும் பரவியுள்ளது. அவ்வாறு அடுக்கும்போது பொருந்தாத செய்திகள் கைவிடப்படுகின்றன. சான்றில்லாத இடைவெளிகள் ஊகத்தால் நிரப்பப்படுகின்றன. ஒரு கதைத்தொகுதியின் பகுதிகள் தம்முள் எவ்வாறு உறவுகொள்கின்றன என்னும் வினாவுக்கு அண்மைக்காலத்தில் வெளிப்படையான விடைகளை உருவாக்கிய துறை காணொளி விளையாட்டுத் துறையாகும். அவ்விடைகளைக் கருவியாகக் கொண்டு கொல்லிமலை மரபை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். விளையாட்டுகள் சங்க இலக்கியத்திலிருந்து தோன்றின என்றோ, இரண்டும் ஒத்த தகுதியுடையன என்றோ கூறுவது இதன் கருத்தன்று.

விளையாட்டுத் தொடர்களில் மூவகைக் கதையுறவு

பாத்திரமேற்பு விளையாட்டில் ஆடுபவர் ஒரு கதைமாந்தராக நின்று பயணம் செய்கிறார், போரிடுகிறார், சில இடங்களில் கதையின் போக்கையே தெரிவு செய்கிறார். இவ்வகையின் புகழ்பெற்ற மூன்று தொடர்கள் மூன்று வெவ்வேறு கதையுறவுகளுக்கு எடுத்துக்காட்டாகின்றன.

முதலாவது, 1987-இல் ஜப்பானில் தொடங்கிய ‘ஃபைனல் ஃபேண்டஸி’. இதன் எண்ணிட்ட பாகங்கள் பெரும்பாலும் தனித்தனி உலகங்களில் நிகழ்கின்றன. ஒரு பாகத்தின் தலைவன் அடுத்த பாகத்தில் வருவதில்லை. ஆயினும் படிகங்கள், சொகோபோ என்னும் ஊர்திப் பறவை, சிட் என்னும் பெயர் ஆகியவை மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. சிட் என்னும் பெயருடையவர் ஒவ்வொரு பாகத்திலும் வெவ்வேறு மனிதர். 2001-இல் வெளிவந்த பத்தாம் பாகத்தின் நேரடித் தொடர்ச்சி 2003-இல் தனி விளையாட்டாக வந்தபோது அது புதுமையாகக் கருதப்பட்டது. இங்குத் தொடரைப் பிணைப்பது நிகழ்ச்சிகளின் தொடர்ச்சி அன்று. திரும்ப வரும் கூறுகளே. இவற்றை ‘மீள்கூறுகள்’ எனலாம்.

இரண்டாவது, ‘டிராகன் குவெஸ்ட்’. இதன் முதல் மூன்று பாகங்கள் 1986, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதற்பாகத்தின் தலைவன் பழைய வீரன் ஒருவனின் வழித்தோன்றல். இரண்டாம் பாகம் அவனுக்குப் பின்வந்த தலைமுறையின் கதை. மூன்றாம் பாகத்தின் இறுதியிலோ, ஆடுபவர் அதுவரை ஏற்றிருந்த பாத்திரமே அந்தப் பழைய வீரன் என்பது வெளிப்படுகிறது. கதைக்காலத்தில் முந்தியது வெளியீட்டில் பிந்தியது. இதனைப் ‘பின்வந்த முன்கதை’ எனலாம்.

மூன்றாவது, 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’. இதன் இரண்டாம் பாகமான ‘டேகர்ஃபால்’ 1996-இல் வெளிவந்தது. நூமிடியம் என்னும் மாபெரும் இயந்திர உருவத்தை இயக்கும் ஆற்றலை யாரிடம் ஒப்படைப்பது என்பதை ஆடுபவரே தெரிவு செய்வார். அதற்கேற்ப முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படும். 2002-இல் வந்த ‘மொரோவிண்ட்’ இம்முடிவுகளில் ஒன்றை மட்டும் மெய்யென அறிவிக்கவில்லை. காலமே முறிந்து எல்லா முடிவுகளும் ஒருங்கே நிகழ்ந்தன என்று விளக்கம் தந்தது. இதனை ‘உடன்நிகழ் முடிவுகள்’ எனலாம்.

மீள்கூறாகப் பாவை

குறுந்தொகை 89, 100, நற்றிணை 185, 192, 201, அகநானூறு 209 ஆகிய பாடல்களில் கொல்லிப்பாவை இடம்பெறுகிறது. இவற்றுள் எதுவும் பாவையின் கதையைச் சொல்ல எழுந்ததன்று. குறுந்தொகை 89-இல் உலக்கைப் பாட்டுப் பாடிக் குற்றும் பெண்ணுக்கு அது உவமை. நற்றிணை 185-இல் தலைவனை வருத்திக் கொல்லும் அழகுக்கு உவமை. நற்றிணை 192-இல் இளவெயிலில் தோன்றும் ஒளிக்கும், நற்றிணை 201-இல் காற்றும் மழையும் இடியும் தாக்கினும் குன்றாத நலத்துக்கும் அது உவமையாகிறது.

பாவையை ஆக்கியவர் யார் என்பதிலும் பாடல்கள் ஒன்றுபடவில்லை. நற்றிணை 192 அதனைப் பூதம் அமைத்ததாகக் கூறுகிறது. நற்றிணை 185-உம் குறுந்தொகை 89-உம் தெய்வம் எழுதியதாகக் கூறுகின்றன. அகநானூறு 209 கடவுள் ஆக்கியதாகச் சொல்கிறது. நற்றிணை 201-இல் ஆக்கியவர் பேச்சே இல்லை. தெய்வம் அங்கு மலைமுகட்டைக் காப்பதாக மட்டுமே வருகிறது. பூதமும் தெய்வமும் ஒன்றே என்றோ, எழுதுதலும் ஆக்குதலும் ஒரே தொழில் என்றோ இவ்வேறுபாடுகளை இணைத்துவிட முடியும். ஆனால் அவ்விணைப்பு நம்முடையதே அன்றிப் பாடல்களுடையதன்று.

மாறாதது எது? குறுந்தொகை 89, 100, நற்றிணை 192, 201 ஆகிய நான்கும் பாவையைக் கொல்லியின் குடவரையில், அதாவது மேற்குச் சரிவில் வைக்கின்றன. படைத்தவர் மாறினாலும், உவமிக்கப்படும் பண்பு மாறினாலும், இடம் மாறவில்லை. எனவே, சங்கப் பாடல்களின் பாவை ஒரு கதையின் தலைவி அல்லள். இடத்தால் உறுதிப்பட்ட மீள்கூறு எனக் கொள்வதே பொருந்தும்.

இவ்வமைப்பு பிற்காலத்திலும் தொடர்கிறது. வளப்பூர் நாட்டு இறைவனை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய அறப்பளீசுர சதகத்தில் பாடல்தோறும் பொருள் வேறு. இல்லறம், நட்பு, அரசு, சகுனம் எனப் பேசுபொருள் மாறிக்கொண்டே செல்கிறது. ஒவ்வொரு பாடலின் முடிவிலும் வரும் மகுடமே நூலைத் தொகுக்கிறது. கதைத்தொடர்ச்சி இன்றியும் ஒரு தொடர் அமையக்கூடும் என்பதைத் தமிழ்ப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

பின்வந்த முன்கதை

பாவை ஏன் படைக்கப்பட்டது? மேற்காட்டிய சங்கப் பாடல்கள் இவ்வினாவை எழுப்பவில்லை. பிற்கால உரைவிளக்கங்களே இதற்கு விடை கூறுகின்றன. மலையில் உறையும் முனிவர்க்கும் தேவர்க்கும் அரக்கர் இடையூறு செய்ததாகவும், வருவோரைக் கண்டு நகைத்து மயக்கி உயிர்போக்கும் பொறியாகப் பாவை அமைக்கப்பட்டதாகவும் அவை விவரிக்கின்றன. மேற்காட்டிய பாடல்களில் நகைப்பும் இல்லை, அரக்கரும் இல்லை. கொல்லும் இயல்பு நற்றிணை 185-இல் உண்டு. எனினும் அது தலைவனின் காதல் நோயைக் கூறும் மொழி.

இன்று கொல்லிமலையில் எட்டுக்கை அம்மன் கோயிலில் வழிபடப்பெறும் தெய்வமே கொல்லிப்பாவை எனப் பலர் கொள்கின்றனர். இங்கு உவமையாக நின்ற பாவை, வரம் தரும் காவல் தெய்வமாகிறாள். எட்டுக் கைகள் என்னும் செய்தி சங்கப் பாடல்களில் இல்லை.

இவ்விளக்கங்களைப் பொய்யெனத் தள்ளவேண்டியதில்லை. டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகம் முதல் பாகத்தின் பொருளை விரித்ததுபோல், அவை உவமைக்குள் அடங்கியிருந்த அச்சத்தையும் அழகையும் ஒரு கதையாக விரித்துள்ளன. தவறு நேர்வது, பிந்தி வந்த முன்கதையைச் சங்கப் பாடலின் அடிப்படையாக வைக்கும்போதுதான். நகைத்துக் கொல்லும் பொறியை முன்னரே மனத்தில் கொண்டு குறுந்தொகை 89-ஐப் படிப்பவர்க்கு, தானியம் குற்றும் பெண்ணை ஏன் அதனோடு ஒப்பிட்டார்கள் என்பது விளங்காமற்போகும்.

உடன்நிகழ் முடிவுகள்

ஓரியின் கதை மேலும் சிக்கலானது. புறநானூறு 152-இல் வன்பரணர் காட்டும் ஓரி, ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய வில்லாளன். பாணர்க்கு வாரி வழங்கிய வள்ளல். குறுந்தொகை 100-இல் கபிலர் கொல்லியை ஓரியின் மலை என்கிறார். குறுந்தொகை 89-இல் பரணர் அதே மலையைப் பொறையனுக்கு உரியதாகப் பாடுகிறார். அகநானூறு 209-இல் கல்லாடனார் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிகழ்ச்சியைத் தருகிறார்: முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்தான்.

இந்த அளவில் காலவரிசை ஒன்றை அமைப்பது எளிது போலத் தோன்றும். ஆயின் பாடல்கள் அந்நிகழ்ச்சியை நடத்தும் முறையைக் கவனிக்க வேண்டும். ஓரி வீழ்ந்தபின் காரி அவனது தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணை 320-இல் கபிலர் கூறுகிறார். பரத்தை ஒருத்தி ஊர்த்தெருவில் சென்றபோது எழுந்த ஆரவாரத்துக்கு அது உவமை. அங்கு ஓரியின் மறைவுக்கு இரங்கலோ காரியின் வெற்றிக்குப் பாராட்டோ இல்லை. காரியைப் புறநானூற்றில் புகழ்ந்து பாடிய கபிலரே குறுந்தொகையில் ஓரியைக் கொல்லியின் உரிமையாளனாக நிறுத்துகிறார்.

புறநானூறு 158-இல் பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் எழுவரை எண்ணும்போது ஓரியையும் காரியையும் அடுத்தடுத்து வைக்கிறார். சிறுபாணாற்றுப்படையும் இருவரையும் எழுவர் வரிசையில் வைக்கிறது. அந்நூல் ஓரி காரியோடு பொருததைக் குறிப்பிடுகிறது. யார் வென்றார், யார் மாண்டார் என்று சொல்லவில்லை. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஈகையால் ஒரே தகுதி பெறுகின்றனர். ‘மொரோவிண்ட்’ முரண்பட்ட முடிவுகளை ஏற்கக் காலமுறிவு என்னும் புனைவு தேவைப்பட்டது. சங்கப் புலவர்க்கு அத்தகைய புனைவு தேவைப்படவில்லை. பாடலின் துறையே போதுமானதாயிற்று. அகப்பாடலின் உவமையில் ஓரி வீழ்கிறான்; புறப்பாடலின் கொடைவரிசையில் அவன் நிலைக்கிறான்.

மலைமக்களின் வரவுக்கதையும் இத்தகையதே. மலையாளி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் கதையின் வடிவங்களை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். ஒரு வடிவத்தில் உடன்பிறந்தார் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், நடுவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் செல்கின்றனர். வேறொரு வடிவத்தில் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் கரிராமன் என்னும் தெய்வத்தைப் பின்பற்றிப் புறப்படுகின்றனர்; அவர்கள் சென்றடையும் இடங்கள் முதல் வடிவத்தோடு முழுதும் ஒத்துவரவில்லை. உடன்பிறப்பு என்னும் உறவு மலைகளுக்கிடையே நிலைக்க, வழிகள் மட்டும் மாறுகின்றன.

வளப்பூர் நாட்டுக் கோயிலிலும் இரு தலக்கதைகள் அருகருகே வாழ்கின்றன. நிலத்தை உழுதபோது கொழு பட்டு இலிங்கம் வெளிப்பட்டது என்பது ஒன்று. சமைத்த மீன் உயிர்பெற்று ஆற்றில் துள்ளியது என்பது மற்றொன்று. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை, விளக்கவும் இல்லை.

முடிவு கூறும் உரிமை

இவ்வொப்பீட்டுக்கு ஓர் எல்லை உண்டு. விளையாட்டுத் தொடருக்கு உரிமையாளர் உண்டு. எந்தக் கதை மெய்க்கதை, எது புறக்கதை என்று நிறுவனம் அறிவிக்கலாம். தேவைப்பட்டால் அடுத்த பாகத்தில் மாற்றியும் அமைக்கலாம். கொல்லிமலைக் கதைகளுக்கு அத்தகைய உரிமையாளர் எவருமில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் ஓரி வீரனாகப் போற்றப்படுகிறான். அங்கு அகநானூறு 209-இன் முடிவு முதன்மை பெறவேண்டும் என்று எவரும் வலியுறுத்த முடியாது.

உரிமையாளர் இல்லாத இடத்தில், அச்சேறிய வடிவம் காலப்போக்கில் அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறது. ஆய்வாளர் இணைத்துக் கூறும் கதை பாடநூலுக்கும் அறிவிப்புப் பலகைக்கும் செல்கிறது. பின்னர் மலைமக்களிடமே ‘பழைய கதை’யாகத் திரும்பி வருகிறது. அடுத்து அது ஒரு திரைப்படமாகவோ காணொளி விளையாட்டாகவோ மாறும்போது, எஞ்சிய வடிவங்கள் வழக்கொழிய வாய்ப்பு மிகுதி. ஆகவே வடிவங்களைப் பிரித்துக் காட்டுவது ஆய்வு நுட்பம் மட்டுமன்று. அக்கதைகளுக்கு உரியோரிடம் காட்டவேண்டிய நேர்மையும் ஆகும்.

முடிவுரை

கொல்லிமலைக் கதைமரபு சிதைந்துபோன ஒரு பெருங்கதையின் துண்டுகள் அன்று. ஓரிடத்தாலும் சில மீள்கூறுகளாலும் பிணைக்கப்பட்ட தனிக்கதைகளின் தொகுதி. இதனை ஆராய்வோர் மூன்று வினாக்களைத் தனித்தனியே எழுப்புதல் வேண்டும். வடிவங்கள்தோறும் மாறாமல் வருவது எது? முன்கதையாகக் கூறப்படுவது எக்காலத்துச் சான்றில் முதன்முதல் தோன்றுகிறது? முரண்பட்ட முடிவுகள் எந்தத் துறையில், எந்தச் சடங்கில், யார் வாயில் வழங்குகின்றன? களப்பணியில் ஒவ்வொரு வடிவத்தையும் சொன்னவரின் நாடு, சூழல், காலம் ஆகியவற்றோடு தனிப்பதிவாகக் கொள்வது இதன் முதற்படி. பாவைக்கு ஆக்கியோர் பலர் என்பதும், ஓரி வீழ்ந்தும் நிலைத்தும் இருக்கிறான் என்பதும் தீர்க்கப்படவேண்டிய குழப்பங்கள் அல்ல. அவையே இம்மரபின் கட்டமைப்பு.