கழிவுநீர்க் குழாயில் புகும் மரவேர்களும் நம் குடிநீரும்

மஞ்சள் காமாலையுடன் எங்கள் குடல், கல்லீரல் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம், வெளியில் என்ன உண்டீர்கள் என்று வினவிய பிறகு நாங்கள் மற்றொரு கேள்வியும் கேட்பதுண்டு: கடந்த இரண்டு மாதங்களில் வீட்டிலோ தெருவிலோ கழிவுநீர் அடைத்துக்கொண்டதா? பலரும் வியப்புடன் நோக்குவர். ஆனால் கேள்விக்குக் காரணம் உண்டு. அசுத்த நீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 2 முதல் 6 வாரங்கள் ஆகும். ஹெபடைடிஸ் இ வகைக்கு 2 முதல் 10 வாரங்கள் வரை ஆகலாம். கண் மஞ்சளாகும் நாளில், ஆள் வைத்து அடைப்பெடுத்ததை வீட்டார் மறந்தே போயிருப்பர்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, சிட்லபாக்கம் பகுதிகளின் பழைய வீடுகள் பலவற்றில் கழிவுநீர் செல்வது சிமெண்ட் பூசி இணைத்த சுட்ட மண்குழாய்களில். ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பூச்சு வெடிக்கும். வேர் குழாயை உடைத்துக்கொண்டு நுழைவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஏற்கெனவே கசியும் இணைப்பை நோக்கித்தான் அது வருகிறது. மயிரிழை போன்ற வேர் ஈரத்தைத் தேடிச் சென்று இடுக்கில் நுழைகிறது. உள்ளே நீரும் உரமும் வற்றாமல் கிடைப்பதால் சடையாகப் பெருகுகிறது. அதில் எண்ணெய்ப் பிசுக்கு, துணி, தலைமுடி ஆகியவை சிக்கி அடைப்பு உண்டாகிறது. பிறகு வேர் பருக்கும்போது விரிசலும் அகலுகிறது. அரசு, ஆல், அத்தி இனங்கள் இதில் முன்னிற்பவை. தென்னையின் வேர் பருப்பதில்லை. எனினும் அதன் நார்க்கற்றை ஒன்றே குழாயை அடைக்கப் போதும்.

வேர் உள்ளே வந்த வழியே கழிவுநீர் வெளியே செல்லும் என்பதே மருத்துவர்களாகிய எங்கள் கவலை. நம் புறநகரில் குடிநீர் நாள் முழுவதும் வருவதில்லை. குழாயில் நீர் ஓடும்போது உள்ளழுத்தம் காக்கிறது. நீர் நின்றதும், குறிப்பாக யாரேனும் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சும்போது, சுற்றியுள்ள மண்ணின் ஈரம் பழுதான இணைப்பு வழியே குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கப்படலாம். சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டியின் சுவரில் விரிசல் இருந்தாலும் இதே நிலைதான். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்கும் ஆழ்துளைக் கிணறும் ஒரே மனைக்குள் நெருங்கி இருப்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

குளோரின் கலந்தால் போதாதா என்று கேட்பீர்கள். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் தில்லியில், யமுனை நீரேற்று நிலையத்தில் கழிவுநீர் கலந்து, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. அப்போது குளோரின் அளவைக் கூட்டினர்; டைபாய்டு பெருகவில்லை, காமாலையோ பரவியது. பின்னாளில் அது ஹெபடைடிஸ் இ என அறியப்பட்டது. நம் பகுதியில் 2024 டிசம்பரில் பல்லாவரத்தை ஒட்டி வாந்தி, வயிற்றுப்போக்குடன் பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர்; உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் கூறினர், அதிகாரிகள் தரப்பு மறுத்தது. அங்கே வேர்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய ஐயம் எழும்போது ஒரு நகரம் எவ்வளவு கலங்குகிறது என்பதைக் கண்டோம்.

அடைப்பு ஏற்பட்டதும் வீட்டில் முதலில் தேடுவது ஆசிட் புட்டியை. அது வேரை வேருடன் அழிப்பதில்லை. அதனுடன் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். மூடிய குளியலறையில் ஆஸ்துமா நோயாளிக்கு அது பேராபத்து. மயில்துத்தம் கரைத்து ஊற்றும் வழக்கமும் உண்டு. அது செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களைக் கொல்லும். தவறி உட்கொண்டால் இரத்த அணுக்களையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கிணறுள்ள மனையில் அது வேண்டவே வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். 2013ஆம் ஆண்டின் சட்டம் அதனைத் தடுக்கிறது. அங்கே தங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று பொருளன்று. காப்பாற்ற இறங்கிய இரண்டாம் ஆளும் மாண்ட செய்திகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம்.

இயந்திரத்தால் வேரை அறுத்து, உயரழுத்த நீரால் கழுவி, இயன்றால் கேமரா செலுத்திப் பழுதான இடத்தைக் காண்பதே முறை. அறுத்த வேர் மீண்டும் தழைக்கும்; ஆதலால் அப்பகுதிக் குழாயை அகற்றி, நன்கு ஒட்டிய பி.வி.சி. குழாய் பதிப்பதில்தான் செலவிட வேண்டும். மரத்தை வெட்டுவது எங்கள் பரிந்துரை அன்று. தெருவோர மரமெனில் அனுமதியின்றி வெட்டவும் இயலாது.

பழுது நீங்கும்வரை குடிநீரையும் பல் துலக்கும் நீரையும் கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள். தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சம்பை இறைத்துக் கழுவிய பின் நீரைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் பரிசோதிக்கலாம். கர்ப்பிணிகள் உள்ள வீடு தாமதிக்கவே கூடாது: கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ தாக்கினால் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கல்லீரல் சுருக்க நோயாளிகள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், புற்றுநோய் மருந்து பெறுவோர் ஆகியோருக்கும் இதே எச்சரிக்கை. அடைப்பெடுத்த நாளை அவர்களது மருத்துவக் கோப்பின் உறையில் குறித்து வையுங்கள். அதன் பின் பத்து வாரங்களுக்குள் காய்ச்சல், கடும் சோர்வு, பசியின்மை, அடர்மஞ்சள் சிறுநீர் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராமல் அந்தக் கோப்புடன் வந்து எங்களிடம் காட்டுங்கள்.