மடியில் ஒரு விளக்கு

கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு டார்ச் விளக்கு இருக்கவே செய்கிறது. ஆனால் அது இருக்கும் இடம் சுவரில் அடித்த ஆணி. மாலையில் மடை திருப்பப் போன அங்கத்தினரோ இருட்டிய பிறகும் வரப்பில் நிற்கிறார். சங்கத்தில் சேலையை ஒப்படைக்கப் போன நெசவாளரோ கடைசிப் பேருந்திலிருந்து இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடக்கிறார். ஆணியில் தொங்கும் விளக்கு எவ்வளவு பெரியதாயினும் அந்நேரத்தில் அதனால் பயன் யாது? ஆகவே, மடியிலோ சட்டைப்பையிலோ எப்போதும் கூடவே இருக்கக்கூடிய சிறு விளக்கைப் பற்றியும், அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இது வீண் ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சன்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 உயிர்கள்! இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சேகரித்துத் தருவதில், 1978இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பெரும்பங்கு ஆற்றியிருப்பது கூட்டுறவாளர் அனைவருக்கும் பெருமை தருவதாகும். ஆயினும் மருந்து கடிபட்ட பின் வேண்டப்படுவது. விளக்கு கடிபடாமல் காப்பது.

உலர்ந்த பாட்டரியால் எரியும் குழாய் வடிவக் கைவிளக்குக்கு 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்காலத்துப் பாட்டரி நீடித்து எரியும் வலிமையற்றதாதலின், பொத்தானை அழுத்திச் சில விநாடிகளே ஒளி காட்ட இயன்றது. நம் காலத்தில் நிலைமையை மாற்றியது எல்.இ.டி. விளக்காகும். வெள்ளொளி எல்.இ.டி.க்கு வழி திறந்தது நீலநிற எல்.இ.டி. அதனை ஆக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பட்டது. அதன் பயனாகவே விரல் நீள விளக்கொன்று, முன்னாளில் இரண்டு, மூன்று பெரிய பாட்டரிகள் கொண்ட டார்ச்சு தந்த வெளிச்சத்தை இன்று தருகிறது.

கடைக்குச் செல்லும் அங்கத்தினர் முதலில் கவனிக்க வேண்டியது பெட்டியின்மேல் அச்சிட்ட லூமன் கணக்கு. லூமன் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. சங்கத்தின் வரவு செலவைப் பார்க்கும் கண்ணோடு இதையும் பார்க்கலாம். பாட்டரியில் உள்ள மின்சாரமே வரவு, ஒளியே செலவு. வரவுக்கு மிஞ்சிய செலவு எந்த ஏட்டிலும் நிற்காது. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய சாதாரணப் பென்சில் பாட்டரி ஒன்றில் ஏறத்தாழ 2.4 வாட்-மணி மின்சாரம் அடங்கும். ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் ஒளி கிடைக்கிறது. எனவே, இழப்பு போக, 100 லூமன் வெளிச்சம் இரண்டு மணி நேரம் கிடைக்கும். 20 லூமனாகக் குறைத்தால் பத்து மணி நேரம் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் குறுக்களவும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் பாட்டரியிலோ இதைப்போல் நான்கு மடங்கு மின்சாரம் உண்டு. அத்தகைய ஒரே பாட்டரியில் 5,000 லூமன் ஐந்து மணி நேரம் எரியும் என்று பெட்டி கூறுமாயின், அது பொய்க்கணக்கு என்று உடனே தள்ளிவிடலாம்.

தூரக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. தர அளவீட்டு முறைப்படி 200 மீட்டர் என்று குறித்தால், அத்தூரத்தில் விழும் ஒளி முழுநிலவின் ஒளியளவே இருக்கும் என்பது பொருள். ஒரு பொருளை இன்னதென்று அறிய அதில் பாதித் தூரத்தையே நம்பலாம். அன்றியும், நடப்பவருக்கு வேண்டியது தூரத்தில் குத்தும் ஈட்டி ஒளியன்று. காலடியிலும் இருபக்கமும் பரவும் ஒளியே. அதற்கு 20 முதல் 50 லூமன் தாராளமாகப் போதும். விளக்கை இடுப்பளவில் தாழ்த்திச் சாய்வாகப் பிடித்தால், தரையில் கிடக்கும் கயிறும் கல்லும் பாம்பும் நிழலோடு எடுப்பாகத் தெரியும்.

நெசவாளர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். மலிவான விளக்குகளின் நீலம் பாய்ந்த ஒளியில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றாகவே தோன்றும். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் உண்டு. அது 90க்கு மேற்பட்ட விளக்கானால், மின்சாரம் நின்ற வேளையிலும் சிட்டத்தின் சாயத்தைச் சரிபார்க்கலாம். அறுந்த பாவிழையையும் பிழையின்றிப் பிணைக்கலாம்.

இவை தவிர, பொத்தான் பைக்குள் தானே அழுந்தாததாக இருத்தல் வேண்டும். ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு மூன்று நிலைகள் போதும். கண் கூசச் சிமிட்டும் நிலையால் நமக்குப் பயனில்லை. ஐ.பி.எக்ஸ்.4 என்ற குறி மழைத் தெறிப்பைத் தாங்கும் என்பதையும், ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பதையும் காட்டும். நாற்றங்காலில் நிற்பவருக்குப் பின்னதே ஏற்றது. லித்தியம் பாட்டரியைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் ஒரே பையில் போடலாகாது. முனைகள் இணைந்தால் தீப்பற்றக்கூடும். நெடுநாள் உபயோகியாத விளக்கிலிருந்து அல்கலைன் பாட்டரியை எடுத்துவிடுவது நலம். அது கசிந்து உள்ளுறுப்புகளை அரித்துவிடும்.

இத்தகைய விளக்கைக் கையாள்வதில் ஓர் இன்பமும் உண்டு. கண் இருளுக்கு முற்றும் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். பேரொளி ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். மிகக் குறைந்த ஒளியில் நடப்பவருக்கு வழியும் தெரியும், வானத்து மீனும் தெரியும். விடியுமுன் கதிரின்மேல் நிற்கும் பனித்துளியையும், இலையின் அடியில் ஒளிந்த புழுவையும் அச்சிற்றொளியில் கண்டவர், பகலில் காணாத தம் வயலைக் கண்டவராவர்.

இறுதியாகச் சங்கங்களுக்கு ஒரு யோசனை. அங்கத்தினர் ஐம்பது பேர் தனித்தனியே ஏமாறுவதைவிட, பண்டகசாலை முதலில் மாதிரிக்கு ஒன்று மட்டும் வாங்கட்டும். மாலை ஆறு மணிக்கு அதை ஏற்றி, மணிக்கொரு முறை பார்த்து, எப்போது மங்குகிறதென்று ஏட்டில் குறிக்கட்டும். குறித்த கணக்கும் பெட்டியின் கணக்கும் ஒத்திருந்தால் மொத்தமாகத் தருவிக்கலாம். வாங்கியபின் அதை ஆணியில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் ஒவ்வோர் அங்கத்தினரின் பொறுப்பு.