முட்டிக் கருப்பணியும் போத்தல் பானமும்

மன்னார்த் தீவில் எந்தத் தெருவால் போனாலும் பனை எம்மோடு கூடவே வரும். தாழ்வுபாடு, தோட்டவெளி, எருக்கலம்பிட்டி, பேசாலை, தலைமன்னார் என்று ஊர்கள் மாறும், பனை மாறாது. மன்னார் நகரை அடுத்த ஒரு கடற்கரை ஊருக்குப் பனங்கட்டிக்கொட்டு என்றே பெயர். இனிப்பை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த மண்ணில், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு இன்று நாம் நீட்டுவது எங்கோ ஓர் ஆலையில் அடைத்த போத்தல் பானத்தை. அதன் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று எம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பச்சை நிறம் சொல்லாத செய்தி

இலங்கையில் 2016ஆம் ஆண்டு முதல் குளிர்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இடப்படுகிறது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள். 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. அடுத்த ஆண்டு நவம்பரில் பானங்களின் சீனிக்கு வரியும் வந்தது. நீரிழிவு பெருகிவரும் நாட்டில் இவை இரண்டும் வரவேற்க வேண்டியவையே.

ஆனால் பச்சை நிறம் சீனியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சீனியைக் குறைத்துவிட்டு அதன் இடத்தில் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தாலும் பச்சை பச்சைதான். போத்தலின் பின்பக்கத்தில் 950, 951, 954, 955 என்ற எண்களைத் தேடிப் பாருங்கள். 951 அஸ்பார்டேம், சீனியைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பு. 955 சுக்ரலோஸ், ஏறத்தாழ 600 மடங்கு. 954 சாக்கரின், 1879இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் கண்டறியப்பட்டது, இவற்றுள் மூத்தது. 950 அசிசல்பேம்.

இவற்றை நஞ்சு என்று பயமுறுத்துவது எமது நோக்கமல்ல. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பார்டேமை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. அதே வேளையில், உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை மாற்றத் தேவையில்லை என்றது. எப்போதாவது ஒரு போத்தல் குடிப்பவர் கலங்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் இன்னொன்றையும் சொன்னது: உடல் நிறையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம், உணவின் இனிப்பையே குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு என்று அந்தப் பரிந்துரை வகுக்கப்படவில்லை. அவர்கள் தம் வைத்தியரைக் கேட்டே நடக்க வேண்டும்.

'இயற்கை' என்பது அனுமதிச் சீட்டல்ல

செயற்கை வேண்டாமென்றால் தாவர இனிப்புக்குப் போகலாமே என்று நினைப்போம். பராகுவே நாட்டிலிருந்து உலகெங்கும் பரவிய சீனித்துளசியின் சாறு, சீனியைவிட 200 மடங்குக்கு மேல் இனிப்பானது. ஆனால் மேற்சொன்ன 2023ஆம் ஆண்டுப் பரிந்துரை அதையும் சேர்த்தே பேசுகிறது. எமது நாட்டு வைத்தியம் அறிந்த அதிமதுரமும் தாவர இனிப்புத்தான். அளவு மீறினால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும்.

எங்கள் பனைக்கும் இதே நியாயம் பொருந்தும். காலையும் மாலையும் பாளையைச் சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டியைக் கட்டுகிறார் சீவல் தொழிலாளி. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் சாற்றின் சீனியை மதுவாக்காமல் சுண்ணாம்பு தடுக்கிறது. இப்படி இறங்குவதே கருப்பநீர் என்று எழுதி, கருப்பணி என்று நாம் சொல்லும் பதநீர். அதில் நூறு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 முதல் 13 கிராம் வரை சீனிச்சத்து உண்டு. நிறக் குறியீட்டின்படி பார்த்தால் அதுவும் சிவப்பை ஒட்டியே நிற்கிறது! பனங்கட்டியும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தாதுப்பொருட்கள் சிறிதளவு உண்டு; அதை வைத்து மருந்தென்று விற்பது நேர்மையாகாது. "பனங்கட்டி நீரிழிவுக்காரருக்குக் கேடு செய்யாது" என்ற பேச்சு எமது கிராமங்களில் பலரை ஏமாற்றியிருக்கிறது.

அப்படியானால் பனையை ஏன் நாட வேண்டும்? முதலாவது, அது நாவைப் பழக்கும் விதம். வெறுந்தேத்தண்ணீரில் மூன்று கரண்டி சீனியைக் கரைப்பதற்குப் பதிலாக, சிறு பனங்கட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்தனர் எம் முன்னோர். துண்டு முடிந்தால் இனிப்பும் முடிந்தது. அளவு கையிலேயே தெரிந்தது. இரண்டாவது, அந்தத் துண்டுக்குக் கொடுக்கும் காசு எமது ஊரிலேயே தங்குகிறது. நாட்டுக்குத் தேவையான சீனியின் பெரும்பகுதி கப்பலில் வருகிறது; பனையோ வேலியோரத்தில் நிற்கிறது.

ஒரு கரண்டிச் சுண்ணாம்பு

மரம் ஒன்று, ஏறும் கையும் ஒன்று. சுண்ணாம்பு இட்டால் கருப்பணி, இடாவிட்டால் கள். எதைத் தெரிவது என்பதைத் தொழிலாளியின் மனச்சாட்சி மட்டும் தீர்மானிப்பதில்லை. கள் இறக்கிய அன்றே காசாகும். பனங்கட்டிக்கோ எட்டு, பத்து லீற்றர் கருப்பணியைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கிடைக்கும். விறகு வேண்டும்; பெண்கள் அடுப்படியில் மணிக்கணக்காக நின்று துழாவ வேண்டும்; பாணியின் பதம் தப்பினால் கட்டி இறுகாது. குட்டானில் வார்த்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், வெள்ளைச் சீனி கலந்த மலிவுக் கட்டி பக்கத்தில் இருந்து விலையை உடைக்கும். போர்க்காலத்தில் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளின் இழப்பு ஒருபுறம். விழுந்தால் முறியும் தொழிலுக்கு இளைஞர் வர மறுப்பது மறுபுறம். உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறவரை இன்றும் ஏளனமாகப் பேசும் நாம், அவர் பிள்ளை ஏறவில்லை என்று குறைகூற என்ன உரிமை உண்டு?

1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. வடக்கில் கூட்டுறவுச் சங்கங்களும் இயங்கி வருகின்றன. ஆயினும் வாங்குவோர் உறுதியாக இல்லாத பொருளை எந்தச் சபையும் நிலைநிறுத்த முடியாது. எனவே நாம் செய்யக்கூடியவை சில:

சீவல் பருவம் தொடங்குமுன்பே மாதர் சங்கங்களும் பாடசாலைகளும் பங்குச் சபைகளும் தமக்கு வேண்டிய பனங்கட்டிக்கு விலைபேசி, ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுக்கலாம். அப்போது சுண்ணாம்பு இடத் தொழிலாளிக்குத் துணிவு வரும்.

திருவிழாக்களிலும் கூட்டங்களிலும் போத்தல் பானத்துக்குப் பதிலாக மோர், மல்லித்தண்ணீர், சிறிதளவு பனங்கட்டி கரைத்த தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கலாம். பருவத்தில் கருப்பணி கிடைத்தால் அரைக் குவளை போதும்.

காய்ச்சும் பெண்கள் ஒன்றுகூடி, காவோலையையும் மட்டையையும் குறைவாக எரிக்கும் அடுப்பைப் பொதுவில் அமைக்கலாம். சீனி கலப்பதில்லை என்று சங்கமே பொறுப்பேற்று முத்திரை இடட்டும்.

வீட்டில் பிள்ளைகளின் தேத்தண்ணீரில் வாரத்துக்கு அரைக் கரண்டியாகச் சீனியைக் குறைத்து வாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

இனிப்பு குறையட்டும், மிஞ்சும் இனிப்பு எமது மரத்திலிருந்து வரட்டும். இந்த மாசியிலோ பங்குனியிலோ உங்கள் ஊரில் முட்டி கட்டுகிறவரைச் சந்தித்து, இம்முறை எத்தனை கிலோ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.