சர்க்கரை மாத்திரையும் தளர்ந்து போன சட்டையும்

பொம்மனஹள்ளியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஊரிலிருந்து வரும் உறவினர் நம்மைக் கண்டதும் கேட்பது, "என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்பதுதான். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இதைச் சிரித்து ஒதுக்கிவிடக் கூடாது. முயற்சி எதுவும் இல்லாமலே, 60 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 3 கிலோ குறைந்தால் காரணம் தேட வேண்டும்.

மருந்தே காரணமாகலாம். மெட்ஃபார்மின் சிலருக்குப் பசியைக் குறைக்கும், வயிற்றைக் கலக்கும். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் தணியும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. நாளொன்றுக்குச் சுமார் 60 முதல் 80 கிராம் வரை போகும். கணக்குப் பார்த்தால் நாலு இட்லியின் சத்து! பருமனானவருக்கு இது லாபம். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு நஷ்டம். 2020-இல் காப்புரிமை முடிந்து டபாக்ளிஃப்ளோசின் விலை இறங்கியபின் இது பலர் கைக்கு எட்டியிருக்கிறது. இதைச் சாப்பிடுகிறவர் பட்டினி கிடப்பது ஆபத்து. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால், சர்க்கரை அளவு அதிகமில்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செமாகுளூடைடு போன்ற ஊசிகளோ பசியையே அடக்கிவிடும்.

ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் உடம்பு கரையும். தைராய்டு கோளாறும் இளைக்க வைக்கும். முக்கியமாகக் காசநோய்: சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால் அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்யுங்கள். சோதனையும் சிகிச்சையும் இலவசம்.

இளவயதிலேயே மெலிந்த உடம்போடு வரும் ஒருவகைச் சர்க்கரை நோயும் உண்டு. சிறுவயது ஊட்டக்குறைவோடு தொடர்புள்ள இதை 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை' என்று ஏற்றது. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வுக்கு இதில் பங்குண்டு.

சர்க்கரைக்குப் பயந்து இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடும் சகோதரிகளை என்ன சொல்ல? இன்சுலின் போடுபவர் அப்படிச் செய்தால் மயக்கமே வரும். களியோடு கீரை மட்டும் போதாது; முட்டை, சுண்டல், பயறு, தயிர் சேரட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கவும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே தராசில் எடை பார்த்து, மருந்துச் சீட்டின் பின்புறம் தேதியோடு குறித்து, அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.