தாம்போதியில் ஒரு கமரா

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியால் பஸ்ஸில் போய்வராத பெண்கள் எமது மாவட்டத்தில் இல்லை எனலாம். கச்சேரிக்கு, ஆஸ்பத்திரிக்கு, பதிவுகளுக்கு என்று போகிறோம். ஐப்பசி தொடக்கம் பங்குனி வரை அந்த வீதியின் இரு மருங்கிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் நிற்கின்றன. மடியில் கோவைகளை வைத்திருக்கும் எம்மில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்த்திருப்போம்?

அது வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 4,800 ஹெக்டேயர். ஊசிவால் வாத்துகள் வட ஆசியாவிலிருந்து இங்கு வருகின்றன. பூநாரைகளும் வருகின்றன. கொக்கு, கூழைக்கடா, பவளக்கால் உள்ளான் என்பன எம்மூர்க்காரர்.

சென்ற மாரியில் சிநேகிதி ஒருத்தி தனது பழைய கமராவை எனக்குத் தந்தாள். தூரத்திலுள்ளதைக் கிட்ட இழுத்துக் காட்டும் கமரா. கமரா எனக்குப் புதிதல்ல. வேலைக்காக எத்தனையோ பெண்களைப் படம் எடுத்திருக்கிறேன். கூரையில்லா வீட்டின் முன்னால், கிடைத்த தையல் மெசினுக்குப் பக்கத்தில், காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தியபடி. "இஞ்ச பாருங்கோ அம்மா" என்றால் பார்ப்பார்கள். பறவை பார்க்காது. அதற்கு எம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிடைத்தவை சேற்றில் சில வெள்ளைப் புள்ளிகள், பறந்து போகும் வால்கள். ஆழமில்லாத கடலில் கையால் இறால் பிடித்து விற்கும் ஓர் அம்மா என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். 2008இல் இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து மீண்டு வந்து, மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர்.

"நேர போனா எழும்பிப் போடும் பிள்ளை. வேற எங்கையோ போற ஆள் மாதிரிக் குறுக்கால போங்கோ. அதுகளை உத்துப் பாக்காதேங்கோ. பிறகு குந்துங்கோ" என்றார்.

காற்றையும் அவர்தான் சொல்லித் தந்தார். பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் எழும்பும், இறங்கும். மாரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. காலை வெயிலும் கிழக்கிலிருந்தே வருகிறது. ஆகவே காலையில் வடகிழக்குப் பக்கம் முதுகு காட்டி இருந்தால் வெளிச்சம் பறவையின் மேல் விழும், பறவையும் எம்மை நோக்கியே எழும்பும். கமராவோடு வந்த கையேட்டில் இது இல்லை. பூநாரை ஓடி ஓடித்தான் மேலெழும்பும் என்பதால், அது ஓடத் தொடங்கும்போதே கமராவைத் தூக்க நேரம் கிடைக்கிறது.

மிகுதியை நான் பழகிப் பிடித்தேன். இருண்ட தண்ணீரில் நிற்கும் கொக்கைக் கமரா தன்பாட்டில் எடுத்தால், இறகு ஒன்றும் தெரியாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வரும். வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பறவை மேல் விரலை வைத்துக் கீழே இழுத்தால் பெரும்பாலும் குறையும். பறக்கும் பறவைக்குச் செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். நிற்பதற்கு இருநூற்றைம்பதில் ஒரு பங்கு போதும். குந்தியிருந்து பறவையின் கண் மட்டத்தில் எடுத்த படத்துக்கும் நின்று எடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே பார்க்கலாம். பறப்பதை எடுக்கவென்று கல்லெறிவோர் இருக்கிறார்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடும் உயிரை எழுப்பிக் கலைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கமரா வாங்கவென்று நுண்கடன் எடுத்துவிடாதீர்கள், அந்தக் கதைகள் எமக்குப் போதும். தொலைபேசியே போதுமானது. தூரத்துப் பறவை அதில் சிறிதாகத்தான் வரும், ஆனால் கூட்டமும் வானமும் தண்ணீரும் நன்றாக வரும். தெரியாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடிப் பலகை பிடுங்கப்பட்டிருந்தாலும் ஊரவரைக் கேட்டுவிட்டே காலை வையுங்கள்.

இன்னுமொரு விடயம். 2009இற்கு முன் கமராவோடு இந்த வீதியோரம் இறங்கி நிற்பதை யாரும் நினைத்திருக்க முடியாது. இப்போதும் சிலவேளை "தனியப் பொம்பிளை இதில என்ன செய்யிறா?" என்று மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கேட்கிறார்கள். "குருவி பார்க்கிறேன்" என்றால் நம்புகிறார்களில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அந்த அம்மாவைப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. என்னை எத்தினையோ பேர் எடுத்துக்கொண்டு போட்டினம். கமராவை இங்கால தாங்கோ."

கையைச் சேலையில் துடைத்து வாங்கினார். ஐந்தாறு படம் எடுத்தார். ஒன்றில் பவளக்கால் உள்ளானின் சிவந்த கால்களும் தண்ணீரில் அவற்றின் நிழலும் மட்டும் விழுந்திருந்தன, தலை இல்லை. "கால்தானே வடிவு" என்றார். அதன் பிரதியொன்றை ஸ்ரூடியோவில் கழுவிக் கொடுத்திருக்கிறேன்.

எமது மாதர் சங்கத்தில் நான்கு பேர் வரும் ஐப்பசியில் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும். யாருடைய பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.