அம்மாவோட மெசேஜ் ஏன் வரலை? வீட்டு சாட் சர்வர்ல நான் படிச்ச பாடம்

"சொந்தமா ஒரு சாட் சர்வர் நடத்த முடியுமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. முடியும், நான் நடத்துறேன். ஆனா முதல் மாசமே ஒரு இடத்துல நல்லா சறுக்கினேன். அதையும் சேர்த்தே சொல்றேன்.

வீட்ல 1 ஜிபி ரேம் உள்ள ராஸ்பெரி பை ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அதுல ஆல்பைன் லினக்ஸ் போட்டேன். ரொம்ப லேசான ஓஎஸ். டெஸ்க்டாப் கிடையாது, கறுப்புத் திரை மட்டும்தான். சாட்டுக்கு ப்ரோசடின்னு ஒரு எக்ஸ்எம்பிபி சர்வர். 1999ல ஜாபர்ங்கிற பேர்ல வந்ததுதான் பின்னாடி எக்ஸ்எம்பிபி ஆச்சு. ஈமெயில் மாதிரி, உங்க சர்வர்ல இருக்கிறவர் வேற சர்வர்ல இருக்கிறவரோடயும் பேசலாம்.

'ஏபிகே ஆட் ப்ரோசடி'ன்னு அடிச்சா இறங்கிடும். செட்டிங்ஸ் ஃபைல்ல உங்க டொமைன் பேரைப் போடணும். லெட்ஸ் என்க்ரிப்ட்ல இலவச சர்ட்டிஃபிகேட் வாங்கணும். ரவுட்டர்ல 5222 போர்ட்டைத் திறக்கணும். வெளி சர்வர்களோட பேசணும்னா 5269ம். இதுக்கு உங்க நெட் கனெக்‌ஷன்ல பப்ளிக் ஐபி இருக்கணும், முதல்லயே கேட்டுக்கோங்க. அப்புறம் ஆளுக்கொரு அக்கவுண்ட், போன்ல கான்வர்சேஷன்ஸ் ஆப். அவ்வளவுதான்.

வீட்ல எல்லாரையும் இதுக்கு இழுத்துட்டு வந்தது நான்தான். ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு. அன்னைக்கு அம்மா ஊர்லேர்ந்து பஸ்ல வந்துட்டிருந்தாங்க. விடியக்காலை கிளாம்பாக்கத்துல இறங்கி, "வந்துட்டேன்"னு மெசேஜ் போட்டிருக்காங்க. எனக்கு வரவே இல்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துட்டு, தூங்குற பிள்ளையை போன் பண்ணி எழுப்புவானேன்னு தனியா ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க.

சர்வரைப் பார்த்தா, ப்ரோசடி ஓடிட்டுத்தான் இருக்கு. ஆனா ஒரு அக்கவுண்ட்கூட இல்லை!

காரணம் இதுதான். ராஸ்பெரி பையில ஆல்பைன் வழக்கமா 'டிஸ்க்லெஸ்' முறையில ஓடும். அதாவது எல்லாமே ரேம்ல. 'எல்பியூ கமிட்' கொடுத்தாத்தான் மாற்றங்கள் எஸ்டி கார்டுல சேவ் ஆகும். நான் கொடுத்திருந்தேன். ஆனா அது முக்கியமா செட்டிங்ஸ் இருக்கிற 'ஈடிசி' ஃபோல்டரைத்தான் எடுத்துவைக்கும். ப்ரோசடியோட அக்கவுண்ட், மெசேஜ் எல்லாம் இருக்கிறது 'வார்' ஃபோல்டர்ல. வீடு அப்படியே இருக்கு, குடியிருந்தவங்களைத்தான் காணோம்.

இப்போ அந்த ஃபோல்டரை ஒரு யுஎஸ்பி டிரைவ்ல வச்சிருக்கேன். வாரத்துக்கு ஒரு நகல் லேப்டாப்புக்கும் போகுது.

நீங்க செட் பண்ணினா, யாருக்கும் அக்கவுண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே ரீபூட் பண்ணிப் பாருங்க. டெஸ்ட் அக்கவுண்ட் உயிரோட இருக்கா, பழைய மெசேஜ் இருக்கா? இருந்தா அப்புறம் அம்மாவைக் கூப்பிடுங்க.

எங்க அம்மா திரும்ப அந்த ஆப்புக்கு வந்துட்டாங்க. ஆனா பஸ்ல இருந்து இறங்கினா, இப்போ போன்தான் பண்றாங்க.